'கொடி'யை 'கெரடி'ன்னு படிக்கற பையனுக்கு வீட்டுல என்ன பண்ணலாம்?

கேட்டிருக்கறது கொளத்தூர்ல இருந்து ஒரு அம்மா. பையனுக்கு 9 வயசு, நாலாவது படிக்கறான், இங்கிலீஷ் மீடியம். பார்த்த படத்தை சீன் விடாம கதையா சொல்றானாம், ஆனா புக்கை கைல குடுத்தா ரெண்டு வரி தாண்டறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடுதாம். டிக்டேஷன்ல பத்துக்கு ரெண்டு. மிஸ்ஸை கேட்டா கேர்லெஸ்ங்கறாங்க, மாமியார் 'அவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், தானா சரியாயிடும்'ங்கறாங்க, டியூஷன் ரெண்டு மணி நேரம் போட்டும் ஒரு முன்னேற்றமும் இல்ல. செல்லம் குடுத்து நான்தான் கெடுத்துட்டேனா, தமிழ் மீடியம் மாத்திடலாமா, வீட்டுல நான் என்னதான் பண்ணணும்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்த செல்லம் விஷயம். இல்லம்மா, நீங்க கெடுக்கல. செல்லம் குடுத்ததால, போன் பார்த்ததால, வேலைக்கு போனதால எந்தக் குழந்தைக்கும் டிஸ்லெக்சியா வராது. எழுத்தையும் அதோட சத்தத்தையும் மூளை இணைக்கற விதத்துல பிறவியிலேயே இருக்கற வித்தியாசம் அது, பல குடும்பங்கள்ல வழிவழியாவும் வருது. அதனால உங்க மாமியார் சொன்னதுல முன்பாதி ரொம்ப முக்கியமான தகவல், டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க. பின்பாதிய மட்டும் நம்பிடாதீங்க. தானா சரியாகாது, ஆனா சரியான முறையில சொல்லிக்குடுத்தா நல்லா மாறும். உங்க பையனுக்கு டிஸ்லெக்சியாதான்னு நான் இங்க உக்காந்துகிட்டு சொல்ல முடியாது, நேர்ல பார்த்துதான் சொல்லணும், ஆனா நீங்க எழுதினதை வெச்சு பார்த்தா இனிமே காத்திருக்கக் கூடாது.

நான் 11 வருஷமா ஸ்பெஷல் எஜுகேட்டரா, அதாவது கத்துக்கறதுல சிரமம் இருக்கற குழந்தைங்களுக்கு சொல்லிக்குடுக்கற டீச்சரா இருக்கேன், அதுக்கு முன்னாடி இப்படி ஒரு பையனோட அம்மா. என் பெரியவன் மூணாவது படிக்கும்போது ஒரு ராத்திரி பத்தரை மணி, மறுநாள் டிக்டேஷன், 'பிகாஸ்'ங்கற வார்த்தை அவனுக்கு வரவே மாட்டேங்குது. இருபது தடவை எழுதுடான்னு கோவத்துல சொல்லிட்டு சமையக்கட்டுக்கு போயிட்டேன். வந்து நோட்டைப் பார்த்தா முதல் பதிமூணு சரியா இருக்கு, பதினாலாவதுல ஏ-வும் யூ-வும் இடம் மாறியிருக்கு, அதுக்கு கீழ இருக்கற மொத்தமும் அதே தப்பு. பாவம், ஒவ்வொரு தடவையும் மேல இருக்கற வரியைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சிருக்கான், அவ்வளவுதான், அந்த வார்த்தை அவன் தலைக்குள்ள போகவே இல்ல. அன்னிக்கு அவனை அடிச்சேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த நோட்டை தூக்கிப் போட மனசு வரல. அதனாலதான் சொல்றேன், இதே மாதிரி டியூஷனை மூணு மணி நேரமா ஆக்கினாலும் பலன் இருக்காது, வராத முறையையே இன்னும் அதிக நேரம் பண்ற மாதிரிதான்.

இது ஏதோ புதுசா கெளம்பின வியாதி, எங்க காலத்துல இதெல்லாம் ஏதுன்னு சொந்தக்காரங்க யாராவது சொல்லுவாங்க. 1896லயே பிரிங்கிள் மார்கன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் பர்ஸிங்கற 14 வயசு பையனைப் பத்தி மெடிக்கல் ஜர்னல்ல எழுதியிருக்கார். நல்ல புத்திசாலி, வாசிக்க மட்டும் வரல. பாடத்தை எல்லாம் வாய்வழியாவே நடத்தினா இவன்தான் இந்த ஸ்கூல்லயே கெட்டிக்காரனா இருப்பான்னு அவனோட வாத்தியார் சொன்னதையும் அதுல எழுதி வெச்சிருக்கார். படத்தை சீன் விடாம சொல்ற உங்க பையனுக்கும் இது பொருந்தும்னு எனக்கு தோணுது. நான் கீழ சொல்லப்போறது எல்லாமே அந்த வாத்தியார் பார்த்த விஷயத்தை ஒட்டித்தான்.

பையன் எங்க தடுக்கறான்னு உங்களுக்கு புரியணும்னா தமிழ்லயே காட்டறேன். ஒரு குழந்தை 'கொடி'ன்னு எழுதியிருக்கறதை 'கெரடி'ன்னு வாசிச்சா நாம சிரிச்சிடுவோம், இல்ல திட்டுவோம். அவன் கண்ணு வழியா பாருங்க. 'கொ'ங்கற எழுத்துல முதல்ல ஒத்தக் கொம்பு வருது, அப்புறம் க, அப்புறம் ஒரு துணைக்கால், அது பார்க்க 'ர' மாதிரியே இருக்கு. இடமிருந்து வலமா ஒண்ணு ஒண்ணா வாசிச்சா கெ-ர-ன்னுதான் வரும், அவன் வரிசையா ஒழுங்காத்தான் வாசிச்சிருக்கான். கொம்பு முன்னாடி இருந்தாலும் க-வோட சத்தம்தான் முதல்ல வரும், ரெண்டு பக்கம் இருக்கற குறியும் சேர்ந்து ஒரே 'ஒ' சத்தம்னு நாம எல்லாம் தானா பிடிச்சுக்கிட்டோம். இந்தக் குழந்தைங்களுக்கு அது தானா பிடிபடாது, உடைச்சு உடைச்சு, பல தடவை, கையால தொட்டு காட்டணும். ண ன ந, ல ள ழ, ர ற எல்லாமும் இப்படித்தான், நடுவுல வர்ற புள்ளி வெச்ச எழுத்தை முழுங்கிடறதும் இப்படித்தான், 'பட்டம்' 'படம்' ஆயிடும். மொத்தம் 247 எழுத்தையும் சார்ட்ல வரிசையா ஒப்பிக்க வெச்சா பாட்டு மாதிரி ஒப்பிச்சிடுவாங்க, நடுவுல ஒண்ணை சுட்டிக் காட்டினா தெரியாது.

இங்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. தமிழ்லயாவது ஓரளவு சரளமா வாசிக்கறானா, இல்ல ரெண்டுலயுமே தடுமாறறானா? தமிழ் நல்லா வந்து இங்கிலீஷ் மட்டும் வரலன்னா பெரும்பாலும் இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த விதத்துலயோ வீட்டுல அந்த பாஷை காதுல விழாததுலயோ பிரச்சனை இருக்கலாம். ரெண்டுலயும் இதே கதைன்னா வேற விஷயம். தமிழ் மீடியம் மாத்தலாமான்னு கேட்டதுக்கும் பதில் இதுலயே இருக்கு. டிஸ்லெக்சியா இருந்தா எந்த மீடியம் போனாலும் கூடவே வரும். தமிழ் அவன் பேசற பாஷை, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மாதிரி ஒரே எழுத்துக்கு ஏகப்பட்ட சத்தம் கிடையாது, அதனால கொஞ்சம் சுலபமா இருக்கலாம், ஆனா நம்ம வீட்டுல பேசற தமிழும் புக்ல இருக்கற தமிழும் வேற வேற, அந்தச் சுமை அங்கயும் இருக்கு. அசெஸ்மென்ட், அதாவது சைக்காலஜிஸ்ட் டெஸ்ட் பண்ணி எங்க சிக்கல்னு சொல்றது, அந்த ரிப்போர்ட் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்கூலையோ மீடியத்தையோ மாத்தாதீங்க. இங்கிலீஷ் வரட்டும்னு வீட்டுல தமிழ்ல பேசறதை நிறுத்திடாதீங்க, சில ஸ்கூல்ல அப்படி சொல்லி அனுப்பறாங்க, அது தப்பு. அவனுக்கு இருக்கற பெரிய பலமே அந்தப் பேச்சுதான்.

அசெஸ்மென்ட்டுக்கு முன்னாடி கண்ணையும் காதையும் ஒழுங்கா செக் பண்ணிடுங்க. காதுல லேசா கேக்கறது கம்மியா இருந்து, அது தெரியாம ரெண்டு வருஷம் திட்டு வாங்கின குழந்தையை நான் பார்த்திருக்கேன். அது முடிஞ்சதும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில போய் கேக்கலாம், ஈ.சி.ஆர்.ல முட்டுக்காட்டுல நிப்மெட்னு மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு, இந்த விஷயத்துக்குன்னே ரொம்ப வருஷமா இயங்கற மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தி.நகர்ல இருக்கு. சைக்காலஜிஸ்ட் ஒருத்தர் ரெண்டு மூணு தடவை வரவெச்சு அறிவுத்திறன் டெஸ்ட் ஒண்ணும் வாசிப்பு, எழுத்து, கணக்குக்கு தனித்தனியாவும் எடுப்பாங்க. பையன்கிட்ட பரீட்சைன்னு சொல்லி பயமுறுத்தாதீங்க, உனக்கு எப்படி சொல்லிக்குடுத்தா சுலபமா இருக்கும்னு கண்டுபிடிக்கப் போறோம்னு சொல்லுங்க, உண்மையும் அதுதானே. கற்றல் குறைபாடு இருக்குன்னு குடுக்கற அரசு சான்றிதழ் பொதுவா எட்டு வயசுக்கு முன்னாடி குடுக்க மாட்டாங்க, உங்க பையனுக்கு 9 ஆயிடுச்சு, அதனால தள்ளிப் போடாதீங்க. கவனம் நிக்காத ஏ.டி.எச்.டி.யும் சில பேருக்கு கூடவே இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்க.

காசு புடுங்கற கூட்டமும் இருக்கு, ஜாக்கிரதை. டிஸ்லெக்சியாவை குணமாக்கற மருந்து கிடையாது, ஞாபகசக்தி டானிக் எதுவும் வேலைக்கு ஆகாது. கலர் கண்ணாடி, கண்ணுக்கு எக்சர்சைஸ்னு சொல்லி பேக்கேஜ் போடறதுக்கு ஆதாரம் இல்லன்னு அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கமும் 2009லயே சேர்ந்து அறிக்கை விட்டுட்டாங்க. பலன் தர்றது ஒண்ணுதான், எழுத்தையும் சத்தத்தையும் வரிசைப்படி, கண்ணு, காது, கை மூணும் சேர்ந்து கத்துக்கற மாதிரி சொல்லிக்குடுக்கறது. 1930கள்ல ஆர்ட்டன்னு ஒரு டாக்டரும் கில்லிங்கம்னு ஒரு டீச்சரும் ஆரம்பிச்சு வெச்ச வழி, இன்னிக்கும் உலகம் முழுக்க அதை ஒட்டித்தான் சொல்லிக்குடுக்கறாங்க. ஸ்பெஷல் எஜுகேட்டரை தேடும்போது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல, நான் கோவிச்சுக்க மாட்டேன், நல்லா வேலை செய்யற யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இப்போ வீட்டுக்கு வருவோம். இன்னிக்கு சாயந்திரத்துல இருந்தே மாத்தக் கூடியது ஒண்ணு இருக்கு. பாடத்தை தெரிஞ்சுக்கறதையும் வாசிக்கக் கத்துக்கறதையும் ரெண்டு தனி வேலையா பிரிச்சிடுங்க. இப்போ உங்க வீட்டுல சயின்ஸ் புக்கை குடுத்து வாசின்னு சொல்றீங்க, அவன் முழு சக்தியும் எழுத்தைக் கூட்டறதுலயே போயிடுது, கடைசில சயின்ஸும் தெரியல, வாசிப்பும் வரல, அழுகை மட்டும் மிச்சம். சயின்ஸ், சோஷியல் எல்லாம் நீங்களோ அவங்கப்பாவோ சத்தமா வாசிச்சு காட்டுங்க, அவன் கேக்கட்டும், கேட்டதை அவன் பாஷையில திருப்பி சொல்லட்டும், படக்கதை சொல்ற மாதிரியே. நீங்க வேலையா இருந்தா பாடத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிடுங்க, போட்டோ எடுத்தா வாசிச்சு காட்டற வசதியும் போன்லயே இருக்கு. இப்படி பண்ணா சோம்பேறி ஆயிடுவானேன்னு எல்லா அப்பாவும் கேப்பாங்க. ஆக மாட்டான். கண்ணாடி போட்டு பார்க்கறவரை சோம்பேறின்னு சொல்ல மாட்டோமே. அதே சமயம் அவன் வயசு பசங்களுக்கு தெரிஞ்ச விஷயமும் வார்த்தையும் அவனுக்கும் தெரிஞ்சுகிட்டே வரும், அது நின்னுட்டா பின்னாடி வாசிக்க வந்தாலும் வாசிச்சது புரியாது.

வாசிப்புக்குன்னு தனியா தினம் இருபது நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். ஸ்கூல்ல இருந்து வந்த உடனே வேண்டாம், ஏதாவது சாப்ட்டு ஒரு மணி நேரம் விளையாடட்டும். முதல் அஞ்சு நிமிஷம் புக்கே இல்லாம காதாலயே. குதிரையில கு-வை எடுத்துட்டா என்ன மிச்சம்? திரை. பலகாரத்துல பல போயிடுச்சுன்னா? காரம். கடைசி எழுத்துல அடுத்த வார்த்தை சொல்ற விளையாட்டு, வண்டில போகும்போது கூட விளையாடலாம். கேக்க சும்மா இருக்கும், ஆனா வார்த்தையை சத்தங்களா உடைக்கறதுதான் இந்தக் குழந்தைங்களுக்கு வராத வேலை, வாசிப்போட அடித்தளமே அதுதான். அப்புறம் ஒரு தட்டுல கோலமாவு, இல்ல ரவை, பரப்பி அன்னிக்கு ஒரே ஒரு எழுத்துக் குடும்பம். விரலால பெருசா எழுதிக்கிட்டே வாயால சத்தம் சொல்லணும், எழுத்தோட பேரை இல்ல, சத்தத்தை. கொம்பை ஒரு கலர்லயும் துணைக்காலை அதே கலர்லயும், நடுவுல இருக்கற க-வை வேற கலர்லயும் அட்டையில எழுதிக் காட்டினேன்னா என்கிட்ட வர்ற பசங்க ரெண்டு வாரத்துல 'கொ'வை பிடிச்சிடறாங்க. கடைசியா ஒரு நாலஞ்சு வரி, அவனால பத்து வார்த்தைக்கு ஒம்பது வார்த்தை வாசிக்க முடியற அளவுக்கு சுலபமா இருக்கற புக்கு. முதல்ல நீங்க, அப்புறம் சேர்ந்து, அப்புறம் அவன் மட்டும். தடுக்கினா மூணு செகண்ட் பொறுத்து நீங்களே சொல்லிட்டு போயிடுங்க, 'நேத்துதானே சொல்லிக்குடுத்தேன்'னு மட்டும் வாயில வந்துடக் கூடாது. நேத்து தெரிஞ்சது இன்னிக்கு மறந்து போறது இதோட குணம்.

வெளில போகும்போது போர்டு வாசிக்க சொல்லலாம், ஆனா சும்மா எல்லாத்தையும் வாசி வாசின்னு நச்சரிக்காம ஏதாவது ஒரு தேவைக்காக. பெரம்பூர்ல நின்னுகிட்டு '29 சி வந்தா நீதான் சொல்லணும், எனக்கு கண்ணாடி இல்ல'ன்னு ஒரு அம்மா சொல்லுவாங்க, அந்தப் பையன் ஒவ்வொரு பஸ்ஸா பார்த்து பெசன்ட் நகர்ங்கற பேரை தானே படிக்கக் கத்துக்கிட்டான்.

எழுதறது அவனுக்கு தனி பாரம். வீட்டுல பதில் அவன் சொல்ல நீங்க எழுதலாம், கடைசி ஒரு வரி மட்டும் அவன். கணக்குல கஷ்டம் இருந்தா அது வாசிக்க முடியாததால வர்ற கஷ்டமா, எண்ணே பிடிபடலையான்னு பாருங்க, கணக்கை நீங்க வாசிச்சு காட்டினதும் போட்டுட்டான்னா விடை கிடைச்சிடுச்சு. எண்ணே பிடிபடலன்னா அதுக்கு டிஸ்கால்குலியான்னு பேரு, வாய்ப்பாடு மனப்பாடத்தை விட்டுட்டு புளியங்கொட்டை, சில்லறைக் காசுன்னு கைல எண்ணிப் பார்க்க விடுங்க.

ஸ்கூல்ல பேசறது நிறைய பேருக்கு பயம். மிஸ்ஸை குறை சொல்லப் போற மாதிரி போகாதீங்க, ஒரு கிளாஸ்ல நாப்பது பேரை வெச்சுகிட்டு அவங்களும் கஷ்டப்படறாங்க. ரிப்போர்ட் ஜெராக்ஸோட போய், ரெண்டு மூணே விஷயம் கேளுங்க. எல்லார் முன்னாடியும் எழுப்பி சத்தமா வாசிக்க சொல்ல வேண்டாம். போர்டுல இருக்கறதை முழுசா காப்பி பண்ணலன்னா தண்டிக்க வேண்டாம், ஹோம்வொர்க்கை நானே கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுக்கறேன்னு சொல்லுங்க. தெரியுமா தெரியாதான்னு பார்க்க வாயால கேள்வி கேக்கட்டும். நியாயமா கேட்டும் முடியாதுன்னா எழுத்துல குடுங்க. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு, அரசு அங்கீகாரம் இருக்கற ஸ்கூல்கள் இதை சீக்கிரம் கண்டுபிடிச்சு தகுந்த முறையில சொல்லிக்குடுக்கணும்னு அதோட 16வது பிரிவு சொல்லுது. 'வேற ஸ்கூல் பாருங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்களும் யோசிப்பாங்க.

பத்தாவதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு, ஆனாலும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. ஸ்டேட் போர்டுல டிஸ்லெக்சியா பசங்களுக்கு கூடுதலா 1 மணி நேரம், சொல்லச் சொல்ல எழுதறவர், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு மாதிரி சலுகைகள் இருக்கு, சி.பி.எஸ்.இ.யிலயும் இருக்கு. ஸ்கூல் வழியா முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், ஒம்பதாவதுலயே பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கணும், பத்தாவது ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல ஓடி வர்றவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். ரெகுலர் ஸ்கூல் ரொம்பவே ஒத்து வரலன்னா என்.ஐ.ஓ.எஸ்.னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு, அஞ்சு பாடம், ஒரு மொழி போதும், 5 வருஷத்துக்குள்ள பாடம் பாடமா கூட எழுதி முடிக்கலாம். சான்றிதழ் வாங்கினா பேர் கெட்டுடும்னு நினைக்காதீங்க, அதை யார்கிட்ட காட்டணும்ங்கறது உங்க கைலதான் இருக்கு.

பையன்கிட்ட இதை மறைக்காதீங்க. நீங்க பேர் வெக்கலன்னா அவனே தனக்கு 'மக்கு'ன்னு பேர் வெச்சுப்பான், ஏற்கனவே வெச்சிருப்பான். 'உனக்கு எல்லாம் புரியுது, எழுத்து மட்டும் மெதுவா வருது, அதுக்கு வேற வழி இருக்கு, அதைத்தான் கத்துக்கப் போறோம்'னு அவங்கப்பாவை விட்டு சொல்ல வைங்க. அவரும் சின்ன வயசுல இப்படி இருந்தவர்தானே, எந்த வாத்தியார் என்ன சொன்னார், எப்படி சமாளிச்சார்னு அவர் வாயால கேட்டா அந்தக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய தெம்பு. அக்கா, தங்கச்சி, எதிர்வீட்டு பையன் யாரோட மார்க்கும் அவன் காதுல விழக் கூடாது, சொந்தக்காரங்க ஆரம்பிச்சா நீங்கதான் குறுக்க பூந்து நிறுத்தணும். வாரத்துல ஒரு நாளாவது அவன் நல்லா செய்யற விஷயத்துக்கு நேரம் குடுங்க, மார்க் வரட்டும் அப்புறம் அனுப்பறேன்னு கேரம் போர்டையோ கிரிக்கெட்டையோ பணயமா வெக்காதீங்க. அவன் ஜெயிக்கற ஒரே இடம் அதுவா இருக்கலாம்.

இந்த சனிக்கிழமை கண், காது செக்கப்பை முடிச்சிடுங்க. இன்னிக்கு ராத்திரி ஹோம்வொர்க்கை பாதில மூடி வெச்சுட்டு அவனுக்கு பிடிச்ச ஒரு கதையை நீங்க வாசிச்சு காட்டுங்க, அவனை ஒரு வார்த்தை கூட வாசிக்க சொல்லாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவன் தப்பு விடற வார்த்தைகளை, தமிழ் பத்து இங்கிலீஷ் பத்து, அவன் எப்படி எழுதினானோ அப்படியே எழுதி அனுப்புங்க, எந்த எழுத்துல சிக்கறான், தட்டுல முதல்ல எதை எழுத வெக்கலாம்னு பார்த்து சொல்றேன்.